முப்பத்தொரு நீலப் பாஸ்போர்ட்

அலமாரி பூட்டித்தான் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை. மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. மழை ஓய்ந்து, வகுப்பறைத் தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என் சாவியைப் போட்டுத் திறந்தேன். மேல் தட்டில் வண்ணக் காகிதம் இருந்தது. நடுத் தட்டில் கோந்து, கத்தரிக்கோல், ஜப்பான் வாரத்துக்குச் செய்த காகித மீன்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. கீழ்த் தட்டில் பிஸ்கட் டின்னும் இருந்தது. டின்னுக்குள்ளேதான் ஒன்றும் இல்லை.

முப்பத்தொரு பாஸ்போர்ட். ஒன்று விடாமல் காணோம்.

நிஜப் பாஸ்போர்ட் இல்லை, பதறாதீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நீல அட்டையை வெட்டி, ஊசி நூலால் தைத்துச் செய்த விளையாட்டுப் பாஸ்போர்ட். ஆனால் ஃபிஜியில் அந்த வருஷம் பாஸ்போர்ட் என்ற பேச்சே யாருக்கும் விளையாட்டாக இல்லை.

அந்த அலமாரிக்கு ரெண்டே சாவி. ஒன்று என்னிடம். இன்னொன்று பக்கத்து வகுப்பு டீச்சர் லித்தியாவிடம்.

டின்னை மூடுவதற்குள் என் மனசு தீர்ப்பே எழுதிவிட்டது.

என் சந்தேக புத்தி

நான் பிறவிச் சந்தேகக்காரி. விருதுநகரில் ஹாஸ்டலில் படித்த காலத்தில், அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டின் ஒரே ராத்திரியில் காலி. எடுத்தது யாரென்று கடைசி வரை தெரியவில்லை. எட்டுப் பேர் இருந்த அறையில் ஏழு பேரிடமும் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். ஏழு பேரில் ஆறு பேர் நிரபராதி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் என்ன செய்ய, அந்த ஆறு பேர் யார் என்று தெரியாதே!

அன்றிலிருந்து ஒரு பழக்கம். வீட்டுக்கு எந்தப் பூட்டு வாங்கினாலும் கள்ளச்சாவி ஒன்று செய்து வைத்துக்கொள்வேன். கணக்கு வாத்தியாரான எங்கள் வீட்டுக்காரருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

அவருக்கு நௌசோரி பக்கத்து ஹைஸ்கூலில் வேலை என்று நாங்கள் ஃபிஜிக்குக் கப்பலேறி, இல்லை, விமானமேறிப் போனோம். அதே நிர்வாகத்தின் ஆரம்பப் பள்ளியில் எனக்கும் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்துக் குவார்ட்டர்ஸில் வீடு. வாசலில் ரெண்டு பப்பாளி மரம், பின்னால் மரவள்ளித் தோட்டம். மூன்று வருஷம் என்று போனவர்கள் பத்து வருஷம் இருந்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை விமானம்

என் பிள்ளைகள் பெரும்பாலும் வுனிமோனோ பக்கத்து விவசாயக் குடும்பங்கள். கொள்ளுத் தாத்தா மெட்ராஸிலிருந்து கரும்பு வெட்ட ஒப்பந்தத்தில் வந்தவராக இருப்பார். பேரு கோவிந்தம்மா, முனிசாமி என்று இருக்கும், வாயைத் திறந்தால் ஃபிஜி ஹிந்தி. தமிழ் என்பது மாரியம்மன் கோவிலில் பெரியவர்கள் பாடுவது. இங்கிலீஷ் என்பது பரீட்சையில் வந்து பயமுறுத்துவது.

பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை. ஒருநாள் வெறுத்துப்போய், நாற்காலிகளை ரெண்டு ரெண்டாக வரிசையில் போட்டு, "இது விமானம். இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்கிறவங்களுக்குத்தான் உள்ளே இடம்" என்றேன். அவ்வளவுதான். கூட்டம் முட்டி மோதிக்கொண்டு வந்தது.

அப்படி ஆரம்பித்தது எங்கள் வெள்ளிக்கிழமை விமானம். வாரம் ஒரு நாடு. ஜப்பானில் காகித மீன் செய்து கம்பில் கட்டிப் பறக்கவிட்டோம். மெக்சிகோவில் முகமூடி. எகிப்தில் ஆளுக்கொரு படம் வரைந்து அதையே பெயராக வைத்துக்கொண்டோம். அந்த நாட்டுச் சாப்பாடு, பாட்டு, ஆட்டம், மரியாதை எல்லாவற்றையும் பற்றி இங்கிலீஷில் கேட்க வேண்டும், இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஊர் சுற்றி முடித்ததும் பாஸ்போர்ட்டில் முத்திரை. மரவள்ளிக் கிழங்கைக் குறுக்காக வெட்டி, பிளேடால் செதுக்கி, ஆபீஸ் மையில் தொட்டு அடிப்போம். பிள்ளைகள் எனக்கும் ஒரு பாஸ்போர்ட் செய்து கொடுத்திருந்தார்கள். என் படத்தை வரைந்தவனுக்கு என் மூக்கின் மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

இதில் பாதிப் பெருமை லித்தியாவுக்கு. நல்ல உயரம். காதோரம் எப்போதும் ஒரு செம்பருத்தி. அவள் சிரித்தால் மூன்று வகுப்பறை தாண்டிக் கேட்கும். பாட்டும் ஆட்டமும் அவள் பொறுப்பு, வெட்டுவதும் ஒட்டுவதும் என் பொறுப்பு. எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி என்றுகூடச் சொல்லலாம்.

அவள் மண்ணின் மகள், ஃபிஜிக்காரி. அம்மா, தலைநகர் சுவாவை ஒட்டிய லாமியில் இருந்தார். சர்க்கரை வியாதியில் ஒரு கால் எடுத்தாகிவிட்டது. சனி, ஞாயிறு தவறாமல் லித்தியா பஸ் பிடித்துப் போய் அம்மாவைக் குளிப்பாட்டி, வாரத்துக்கு வேண்டியதைச் செய்து வைத்துவிட்டு வருவாள்.

அவள் என்னிடம் ஒரு கேள்வி மட்டும் அடிக்கடி கேட்பாள். "எல்லா நாட்டுக்கும் போறோம். ஃபிஜிக்கு எப்போ, வசந்தா?"

"அடுத்த டெர்ம்" என்பேன். மூன்று டெர்ம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

கொடியில் காயும் துணி

பிறகு, இந்தியர்கள் செல்வாக்கான அரசாங்கம் கூடாதென்று பட்டாளம் பார்லிமெண்டுக்குள் புகுந்தது. சில மாசத்தில் மறுபடியும் ஒரு தடவை. ரேவா ஆற்றுப் பாலத்தில் மணல் மூட்டை, துப்பாக்கி. பஸ்ஸை நிறுத்திப் பையைத் துழாவினார்கள். காய்கறிச் சந்தையில்கூடச் சத்தம் குறைந்துபோனது.

நம் ஆட்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. அதில் ஒரு வழக்கம் இருந்தது. போகிறவர்கள் யாரிடமும் மூச்சு விடமாட்டார்கள். கடைசி நாள் வரை கத்தரி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். விடிகாலை ஏர்போர்ட்டுக்குப் போகும்போது கொடியில் நாலு துணியைக் காயப்போட்டுவிட்டுப் போவார்கள். ரெண்டு நாள் மழையில் நனைந்தும் அந்தத் துணியை யாரும் எடுக்கவில்லை என்றால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

காரணம் இல்லாமல் இல்லை. தெரிந்தால் வேலை போகும். குத்தகை நிலம் போகும். கண்ணேறு படும். போகிறவர்கள் பெயரைப் பட்டாளம் பட்டியல் எடுக்கிறது என்று வேறு வதந்தி. ஆக, எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். புதுசாகப் பெட்டி வாங்கினால் ஏன் என்பார்கள். மாட்டை விற்றால் ஏன் என்பார்கள். என்னைப் போன்றவளுக்குக் கேட்கவா வேண்டும்! ஊரே என் குணத்துக்கு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் போய் நான் ஒரு பயிற்சி கொடுத்தேன் பாருங்கள். "அடுத்து எங்கே போகப் போகிறோம், யார் யார் போகிறோம் என்று பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, படம் வரையுங்கள்." விளையாட்டாகச் சொன்னேன். நிலாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போவதாக எழுதுவார்கள் என்று நினைத்தேன்.

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு எழுதின எழுத்து இருக்கிறதே, பரீட்சையில்கூட அப்படி எழுதினதில்லை. லித்தியா அவர்கள் பின்னால் நடந்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இவங்களை ஏத்தி அனுப்பறோம். திரும்பி இறங்கறதை எப்பவாவது சொல்லிக் கொடுத்திருக்கோமா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இவள் எதற்கு இப்படிக் கேட்கிறாள்? இவள் தம்பிதானே பாலத்தில் துப்பாக்கியோடு நிற்கிறான்? திங்கட்கிழமை திருத்திக்கொள்ளலாம் என்று, படிக்காமலே அள்ளி டின்னில் போட்டுப் பூட்டினேன்.

திங்கட்கிழமை டின் காலி.

சாமர்த்தியமான கடிதம்

செய்தி மத்தியானத்துக்குள் வுனிமோனோ முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் ஹெட்மாஸ்டர் அறை வாசலில் பெற்றோர் பதினைந்து இருபது பேர். ஒரு அம்மா அழுதுகொண்டே, "என் மகள் மாமன் விலாசத்தோடு எழுதியிருக்கா டீச்சர். அது பட்டாளத்துக் கையிலே போனா நாங்க என்ன ஆகிறது?" என்றாள்.

கூட்டத்தின் பின்னால் அப்பாசாமி அண்ணன் நின்றார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க்காரர்களுக்கு விசா விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர். யார் போகிறார்கள் என்பது அந்தந்தக் குடும்பத்தைத் தவிர அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வாய் பூட்டு என்றுதான் எல்லாரும் அவரிடம் போனார்கள். அவர் மகள் காமினி என் வகுப்பு. அன்று அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹெட்மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யார் மேலயாவது சந்தேகம் இருந்தா எழுத்திலே கொடுங்க" என்றார்.

கொடுத்தேன். அரைப் பக்கம். அதில் 'சந்தேகம்' என்ற சொல்லே கிடையாது. 'இரண்டாவது சாவி திருமதி லித்தியாவிடம் உள்ளது. அவருடைய சகோதரர் ராணுவத்தில் பணிபுரிகிறார்.' இவ்வளவுதான் எழுதினேன். யாரையும் குற்றம் சொல்லவில்லையாம், சாமர்த்தியமாம்! இப்போது நினைத்தாலும் அந்தப் பேனாவைப் பிடித்த விரல்களை முறிக்கலாம் போல இருக்கிறது.

மறுநாள் லித்தியா என் மேஜைக்கு வந்தாள். சாவியை வைத்தாள்.

"நீயே வச்சுக்கோ. இப்ப ரெண்டும் உன்கிட்ட" என்றாள்.

திரும்பி நடந்தாள். குற்றமுள்ளவள்தானே இப்படி விறைப்பாகப் போவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விமானம் நின்றது. காமினி என் கண்ணைப் பார்க்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். லித்தியா இந்தக் குழந்தையைப் பயமுறுத்தி வைத்திருக்கிறாள் என்று அதற்கும் ஒரு அர்த்தம் கட்டினேன். பள்ளிக்கூட வராந்தாவில் லித்தியா வந்தால் நான் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். சுத்தமாக இருந்த பலகையைத்தான்.

ரெண்டாவது வாரம் லித்தியாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சவுசவு. வனுவா லெவு தீவில் ஒரு சின்னத் துறைமுகம். சுவாவிலிருந்து கப்பலில் போக வேண்டிய ஊர். சனிக்கிழமை சனிக்கிழமை லாமிக்கு வந்து அம்மாவைக் குளிப்பாட்ட அங்கிருந்து முடியாது. டெர்ம் முடிய ரெண்டு வாரமே இருந்தது.

பட்டுப்புடவைக்கு வெயில்

சனிக்கிழமை காலை. பல நாள் மழைக்குப் பிறகு சுள்ளென்று வெயில். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் என் பட்டுப்புடவைகள் பூசணம் பிடித்துவிடுமே என்று அவற்றை உலர்த்த நினைத்தேன். பெட்டிச் சாவி எங்கள் வீட்டுக்காரரிடம். அவர் சுவாவுக்குப் போயிருந்தார். நமக்குத்தான் கள்ளச்சாவி இருக்கிறதே!

மேலாக இருந்த புடவையைத் தூக்கினேன். அடியில் நீலமாக ஏதோ தெரிந்தது. என் பாவாடை நாடாவால் கட்டி, அடுக்கு கலையாமல், முப்பத்தொன்றும்.

கூடவே ஒரு பழுப்புக் கவர். நியூசிலாந்து அலுவலகத்திலிருந்து வந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறதாம். கணவர் பெயர், மனைவி பெயர். மனைவி பெயர் வசந்தா. நான்தான்.

காமினியுடைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு விமானம். ஜன்னலில் ரெண்டு தலை. ஒன்றுக்கு நீள மூக்கு. அடியில் அழகான இங்கிலீஷில், நான் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷில் எழுதியிருந்தாள்: 'நான் எங்கேயும் போகவில்லை. என் டீச்சரும் சாரும் நியூசிலாந்து போகிறார்கள். அப்பாதான் பேப்பர் எழுதினார். எனக்கு அழுகையாக வருகிறது.' ஒரு பிழை இல்லை.

பிற்பாடு தெரிந்துகொண்டது இது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காமினி வீட்டில் போய், டீச்சர் போகப்போவதைப் பற்றி எழுதினேன் என்று சொல்லியிருக்கிறாள். அப்பாசாமி அண்ணன் அலறிப் புடைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்காரரிடம் ஓடியிருக்கிறார். சனிக்கிழமை நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, காலண்டர் ஆணியில் தொங்கிய என் அலமாரிச் சாவியை இவர் எடுத்துப்போய்த் திறந்து, திரும்ப அதே ஆணியில் மாட்டிவிட்டார். லித்தியாவின் சாவியைப் பற்றியே யோசித்தேனே தவிர, என் சாவி எங்கே தொங்குகிறது என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

கணக்கு வாத்தியார்

மத்தியானம் வந்தார். கூடத்தில் முப்பத்தொன்றையும் பரப்பி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒரு பொண்ணு எழுதினதுக்கு முப்பத்தொன்னையும் எதுக்குங்க எடுத்தீங்க?"

"ஒண்ணு மட்டும் காணாமப் போனா ஏன் அதுன்னு கேட்பே. எல்லாம் போனா திருட்டுன்னு விட்டுடுவே" என்றார். கணக்கு!

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொன்னா வரமாட்டே. உன் பள்ளிக்கூடம், உன் விமானம்னு உட்கார்ந்திருவே. அதோட, உனக்கு மூஞ்சியிலே எல்லாம் தெரிஞ்சிடும் வசந்தா. கையிலே விசா வர்ற அன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

"லித்தியாவைச் சவுசவுக்குத் தூக்கி அடிச்சிட்டாங்களே, உங்களுக்குத் தெரியும்தானே? வாயைப் பொத்திக்கிட்டு இருந்தீங்களே!"

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார், திரும்பச் செருகினார். "தப்புதான். ஆனா இப்போ சொன்னா என் வேலை போயிடும். இந்த வீடு போயிடும். விசா இன்னும் வரலே. வராமலே போச்சுன்னா நடுத் தெருவிலே நிப்போம். ஒரு மாசம் பொறு. அவ சவுசவுக்குத்தானே போறா, சந்திர மண்டலத்துக்கா போறா?"

பத்து வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷன். ஊரில் ஒரு ஆள் விடாமல் சந்தேகப்பட்டேன், இவரை மட்டும் விட்டுவிட்டேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அந்த ஆத்திரத்திலும் அவர் சொன்ன 'நடுத் தெரு' காதில் விழாமல் இல்லை. வாயைத் திறந்தால் எங்கள் குடும்பம் போச்சு. திறக்காவிட்டால் லித்தியாவின் அம்மாவைக் குளிப்பாட்ட ஆள் இல்லை.

திங்கட்கிழமை காலை பையில் முப்பத்தொன்றையும் போட்டுக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "நான் கடிதம் எழுதறேன் டீச்சர். ஆனா உத்தரவு மேலேயிருந்து வந்தாச்சு. இந்த வருஷத்திலே யார் கடிதத்தை யார் படிக்கிறாங்க?" என்றார். அடுத்து, "சாரைப் பத்தி நிர்வாகத்துக்கு நான் சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

சொல்லுங்கள் என்றேன்.

எங்கும் போகாத வெள்ளிக்கிழமை

லித்தியாவைத் தேடிப் போனேன். ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகளுடைய நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை அடுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். மன்னிச்சிடு என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ பேப்பர்லே எழுதினே, எல்லாருக்கும் தெரிஞ்சுது. இதை மட்டும் கதவு மறைவிலே நின்னு சொல்றியா?" நோட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, "இந்த வெள்ளிக்கிழமை விமானத்தை நான் ஓட்டட்டுமா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குள் போனேன். நாற்காலிகளெல்லாம் சுவரோரம். தரை முழுக்கத் தாழம்பாய் விரித்திருந்தாள். எங்கே டீச்சர் போகிறோம் என்று பிள்ளைகள் கேட்டதற்கு, "இன்னிக்கு எங்கேயும் போகலே. வந்து இறங்கறோம்" என்றாள்.

முதலில் பழுப்புக் காகிதத்தில் கரியால், மரப்பட்டைத் துணியில் போடும் கோலங்களைப் போடச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு ஒரு ஃபிஜி வீட்டுக்குள் எப்படிக் குனிந்து நுழைவது, எங்கே உட்காருவது என்று. எல்லாம் இங்கிலீஷில், சிரிப்பும் கும்மாளமுமாக. கடைசியாகக் கரும்பலகைக்குப் போனாள்.

"தப்பு பண்ணினா எங்க ஊர்லே யங்கோனா வேர் எடுத்துக்கிட்டுப் போவோம். எதிரே தலை குனிஞ்சு உட்காருவோம். மூணு விஷயம் சொல்லணும்" என்று மூன்று வரி எழுதினாள். நான் செய்தது இது. அதனால் உனக்கு நடந்தது இது. இதை ஏற்றுக்கொள். முதல் ரெண்டு வரியிலும் கோடு போட்டு இடம் விட்டிருந்தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பேனே, கோடிட்ட இடம், அதே மாதிரி.

"முதல்லே யார் செஞ்சு காட்டறது?"

கதவு மறைவு என்று அவள் கேட்டபோதே எனக்குப் புரிந்திருந்தது, வேர்க்கட்டு என் பையில் இருந்தது. கல்யாணத்திலும் சடங்கிலும் இடித்துக் கரைத்துக் குடிக்கிற வேர் அது; நௌசோரி சந்தையில் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த பெண்மணி, கல்யாணமா என்று கேட்டிருந்தாள். எழுந்து போய்ப் பாயில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீச்சரும் விளையாட வந்துவிட்டார்களே!

இங்கிலீஷில் சொன்னேன். "நான் உன்னைத் திருடி என்று எழுதிக் கொடுத்தேன். திருடினது என் வீடு. அதனால் நீ உன் அம்மாவை விட்டுவிட்டுச் சவுசவுக்குப் போக வேண்டியதாகிவிட்டது."

மூன்றாவது வரியைச் சொல்ல வரவில்லை. அதில் கோடிட்ட இடமே இல்லை, அப்படியே படித்தால் போதும், அதுதான் வரவில்லை. வகுப்பில் சிரிப்பு நின்றுவிட்டது. காமினி முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். தலை குனிந்தபடியே இருந்தேன். எவ்வளவு நேரமோ. பிறகு, "இதை ஏற்றுக்கொள்" என்றேன்.

லித்தியா வேரைத் தொட்டாள். ஏற்றுக்கொண்டேன் என்பதற்கு அவர்கள் செய்வதுபோல், கையைக் குவித்து மூன்று தடவை தட்டினாள். டப், டப், டப்.

பிறகு எழுந்து மரவள்ளிக் கிழங்கு முத்திரையை எடுத்தாள். படகு செதுக்கியிருந்தாள், என்னுடையதைவிட எவ்வளவோ அழகு. முப்பத்தொரு பிள்ளைகளும் வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருத்தர் பாஸ்போர்ட்டிலும் அமுக்கி அடித்து, ஊதிக் காயவைத்து, இறங்கியாச்சு என்று சொல்லிக் கொடுத்தாள். வரிசையின் கடைசியில் நானும் என் பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

அவள் மைப்பெட்டியை மூடினாள்.

"உன்னோடதை எடுத்துக்கிட்டுச் சவுசவுக்கு வா. அங்கே போட்டுத் தர்றேன்" என்றாள். சிரித்தாளா, இல்லையா? எனக்கு இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

காலிப் பக்கம்

டெர்ம் முடிந்ததும் அவள் கப்பலேறினாள். லாமியில் அவள் அம்மாவை யாரோ சொந்தக்காரர் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு வேலை போனது, குவார்ட்டர்ஸ் போனது. அப்பாசாமி அண்ணன், தன்னால் வந்த வினை என்று வுனிமோனோவில் அவர் வீட்டுப் பின்கட்டை ஒழித்துக் கொடுத்தார். "டீச்சரம்மா, இனிமே நம்ம கையிலே எவனும் பேப்பர் எழுத வரமாட்டான்" என்றார். வந்தார்கள், குறையவே இல்லை. விசாவும் ஒருவழியாக வந்தது. நாங்கள் கிளம்பினபோது ஊருக்கே தெரியும். கொடியில் ஒரு துணியும் போடவில்லை. பிள்ளைகள் ரோட்டோரம் நின்று கையாட்டினார்கள்.

நடுவில் ஒரு சனிக்கிழமை, பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சுவா துறைமுகம் வரைக்கும் போனேன். சவுசவு கப்பல் நின்றுகொண்டிருந்தது. கோழிக் கூண்டு, மண்ணெண்ணெய் டின், பாய்ச்சுருள் எல்லாம் ஏற்றினார்கள். சங்கு ஊதும் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு நௌசோரி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஏனென்றால், கொண்டுவந்த வேரைத் தள்ளிவிடுவது அவர்கள் வழக்கத்திலேயே இல்லை. பத்து வருஷத்தில் எனக்கு அது தெரியும். அந்த மூன்று கைதட்டல் வழக்கத்துக்காகத் தட்டினதா, மனசாரத் தட்டினதா? முப்பத்தொரு பிள்ளைகள் முன்னால் அவள் வேறென்ன செய்திருக்க முடியும்? சவுசவுக்கு வா என்றது கூப்பிட்டதா, தண்டனையா? பாருங்கள், மன்னிப்புக் கேட்ட இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டும் சந்தேகப்படுகிறேன்.

இப்போது ஆக்லாந்தில், என் மேஜை இழுப்பறையில் அந்த நீலப் பாஸ்போர்ட் இருக்கிறது. ஜப்பான், மெக்சிகோ, எகிப்து என்று இருபத்தெட்டு நாட்டு முத்திரை மங்கிப்போய்க் கிடக்கிறது. ஃபிஜி என்று தலைப்பெழுதின பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

இதை எழுத அதை வெளியே எடுத்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் காப்பியோடு வந்தார். வயசாகிவிட்டது, இப்போதெல்லாம் எதையும் மறைப்பதில்லை. அல்லது நான் அப்படி நினைக்கிறேன். அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தார்.

"மூணு மணி நேரந்தான் சுவாவுக்கு. அவ ரிட்டயர் ஆகி சவுசவுலேயேதான் இருக்காளாம். டிக்கெட் போடட்டுமா?"

"போய் நீட்டி, அவ முத்திரை போடமாட்டேன்னுட்டா?"

"அப்பவாவது உனக்கு உண்மை தெரியும்ல?"

"அதுக்குப் பயந்துதாங்க இத்தனை வருஷமா போகலே" என்றேன்.